டேலி நின்றுவிடும் என்று அணைத்துவைத்த ஃபயர்வாலை மறுபடி இயக்குவது எப்படி?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. சுமார் 150 விண்டோஸ் கணினிகள், அவற்றை மையமாக நிர்வகிக்க ஒரு டொமைன், நான்கு சர்வர்கள், அவற்றில் இரண்டு உபுண்டு (லினக்ஸ்). இணைய இணைப்பு உள்ளே வரும் இடத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஃபயர்வால் பெட்டி, அதாவது எந்த இணைப்பு வரலாம், போகலாம் என்று காவல் காக்கும் கருவி, ஒன்று இருக்கிறது. உங்களுக்கு முன்பு இருந்தவர் எல்லாக் கணினிகளிலும் விண்டோஸ் ஃபயர்வாலை குரூப் பாலிசி (டொமைன் கணினிகளுக்கெல்லாம் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் வசதி) மூலம் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏன் என்று கேட்டால் “டேலி (கணக்கு மென்பொருள்) வேலை செய்யவில்லை” என்கிறார்கள். இப்போது தணிக்கைக்கு வந்தவர் அதை இயக்கச் சொல்லி எழுதிவிட்டார். எப்படிக் கட்டமைப்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை அப்டேட் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது வேறு இரண்டு என்று எனக்குப் படுகிறது: வாசலில் ஒரு ஃபயர்வால் இருக்கும்போது இது வெறும் தணிக்கைச் சடங்குதானா? இயக்கிவிட்டால் திங்கட்கிழமை காலையில் எத்தனை பேர் உங்கள் மேசையைச் சூழ்ந்து நிற்பார்கள்? நடுத்தர அளவு நிறுவனங்களின் டொமைன்களைப் பராமரிப்பது பல ஆண்டுகளாக என் பிழைப்பு என்பதால் இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

சடங்கு இல்லை. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. வாசலில் இருக்கும் பெட்டி தன் வழியாகக் கடந்து போவதை மட்டுமே பார்க்கும். ஒரே ஸ்விட்சில் இருக்கும் கணக்குப் பிரிவுக் கணினியும் வரவேற்பறைக் கணினியும் ஒன்றோடொன்று பேசுவது அதன் கண்ணில் படவே படாது. 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற தீநிரலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன், மே 12 அன்று, வான்னாக்ரை என்ற இன்னொரு தீநிரல் வந்து போயிருந்தது. அது பயன்படுத்திய எஸ்எம்பி (விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறை) ஓட்டையை அடைக்கும் பேட்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்ததால், “பேட்ச் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை” என்று பலர் இருந்தார்கள். நாட்பெட்யா அந்த ஓட்டையையும் பயன்படுத்தியது. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஒரு கணினியின் நினைவகத்தில் கிடைத்த நிர்வாகி கடவுச்சொல்லை எடுத்துக்கொண்டு, நிர்வாகிகள் அன்றாடம் கையாளும் பிஎஸ்எக்ஸெக், டபிள்யூஎம்ஐ ஆகிய வழிகளிலேயே பக்கத்துக் கணினிகளுக்குள் நுழைந்தது. பேட்ச் போட்ட கணினிகளும் அதனால் விழுந்தன. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவர் பிறகு டாவோஸில் சொன்னார். மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமம் நடத்திய முனையமும் அப்போது முடங்கியது.

நாட்பெட்யா ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போன வழி முக்கியமாக 445, 135 ஆகிய போர்ட்கள், அதாவது இணைப்புகள் நுழையும் எண்ணிட்ட வாசல்கள். சாதாரண ஊழியரின் கணினியில் இந்த இரண்டும் பக்கத்து மேசைக் கணினிக்குத் திறந்திருக்க வேண்டிய தேவை பெரும்பாலான அலுவலகங்களில் கிடையவே கிடையாது. ஊழியரின் கணினிதான் சர்வரைத் தேடிப் போகிறது. அதைத் தேடிக்கொண்டு யாரும் வர வேண்டியதில்லை. ஒவ்வொரு கணினியிலும் ஃபயர்வால் இருப்பதன் முதல் பயன், என் கணக்கில் முக்கால்வாசிப் பயன், ஊழியர் கணினிகள் ஒன்றுக்கொன்று கதவைத் திறக்காமல் இருப்பதுதான். மற்றதெல்லாம் அதற்கு மேல் வரும் நயங்கள். இதைப் பிடித்துக்கொண்டால் கட்டமைப்பு மிகவும் எளிதாகிவிடும்.

இனி இரண்டாவது கேள்வி. குரூப் பாலிசியில் “அணை” என்றிருப்பதை “இயக்கு” என்று ஒரே நாளில் மாற்றாதீர்கள். விண்டோஸ் ஃபயர்வாலின் இயல்பு அமைப்பு, உள்ளே வருவதைத் தடுப்பது, வெளியே போவதை அனுமதிப்பது. பலரும் கவனிக்காத ஒரு நடுநிலை இதில் உண்டு. ஃபயர்வாலை இயக்கிவிட்டு, உள்வரும் இணைப்புகளுக்கான இயல்புச் செயலை மட்டும் “அனுமதி” என்று வைக்கலாம்; கூடவே, வெற்றிகரமான இணைப்புகளை லாக்கில் (பதிவேட்டுக் கோப்பில்) பதியச் சொல்லலாம். இப்போது எதுவும் தடைபடாது, ஆனால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். குறைந்தது ஒரு முழு மாதம் இப்படி ஓட விடுங்கள். இரண்டு வாரம் போதாது. சம்பளம் போடும் நாள், 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கல், மாதக் கடைசி இருப்புக் கணக்கு எல்லாம் அந்தக் காலத்துக்குள் வந்தாக வேண்டும். மாதம் ஒருமுறை மட்டும் ஓடுகிற ஏதோ ஒரு பழைய நிரல்தான் எப்போதும் மானத்தை வாங்கும்.

இந்த நடுநிலையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு நிரல் முதன்முறையாக ஒரு போர்ட்டில் காத்திருக்கத் தொடங்கும்போது விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டி அனுமதி கேட்கும் அல்லவா? அப்போது எதிரே இருப்பவர் நிர்வாகி உரிமை இல்லாதவராக இருந்தாலோ, உரிமை உள்ளவரே “ரத்து” என்று அழுத்தினாலோ, விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த நிரலுக்குத் தடை விதிகளை எழுதிவைத்துவிடும். பெரும்பாலும் டிசிபி, யுடிபி என்ற இரண்டு தரவு அனுப்பும் முறைகளுக்கும் ஒவ்வொன்று. ஃபயர்வால் அணைந்திருக்கும் காலமெல்லாம் அந்த விதிகள் தூங்கிக்கொண்டிருக்கும். இயக்கிய மறுநொடி உயிர் பெறும். “எல்லாவற்றையும் அனுமதித்துத்தானே வைத்தேன், பிறகு எப்படி இந்த ஒரு கணினியில் மட்டும் ஓடவில்லை” என்று நீங்கள் தலையைச் சொறிவது இதனால்தான். இயக்குவதற்கு முன் ஒவ்வொரு கணினியிலும் உள்ள உள்வரும் தடை விதிகளை பவர்ஷெல் (விண்டோஸின் கட்டளைக் கருவி) வழியாகப் பட்டியலெடுத்து, தேவையற்றவற்றை நீக்கிவிடுங்கள்.

விண்டோஸில் தடை விதி எப்போதும் அனுமதி விதியை வெல்லும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐபிசெக் என்ற பாதுகாப்பு முறை கொண்டு உறுதிசெய்யப்பட்ட இணைப்புகளுக்கு ஒரு விலக்கு உண்டு. அதை இப்போதைக்கு மறந்துவிடலாம். எந்த விதி பட்டியலில் மேலே இருக்கிறது, எது கூடுதல் குறிப்பானது என்பதெல்லாம் கணக்கில் வராது. லினக்ஸின் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் பழகியவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். “445-ஐ எல்லோருக்கும் தடு” என்று ஒரு விதியும் “ஐடி பிரிவுக் கணினிக்கு 445-ஐ அனுமதி” என்று இன்னொரு விதியும் எழுதினால் ஐடி பிரிவும் சேர்ந்தே தடைபடும். ஆகவே உள்வரும் இணைப்புகளுக்குத் தடை விதியே எழுதாதீர்கள். இயல்பிலேயே எல்லாம் தடைதான். வேண்டியதை மட்டும், வேண்டிய ஐபி முகவரிகளிலிருந்து மட்டும் அனுமதியுங்கள். தடை விதியை ஏதாவது ஆபத்து நேரத்துக்கு ஒதுக்கிவையுங்கள்.

லாக் கோப்பு விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, லாக்ஃபைல்ஸ், ஃபயர்வால் என்ற வரிசையில் இருக்கிறது. இயல்பு அளவு 4,096 கேபி. நிரம்பியதும் பழையதை ஒருமுறை பெயர் மாற்றி வைத்துக்கொண்டு புதிதாக எழுதத் தொடங்கும். பரபரப்பான கணினியில் இது அரை நாளுக்குக்கூடத் தாங்காது. 32,767 கேபி வரை உயர்த்தலாம், உயர்த்திவிடுங்கள். லாக் வைக்கும் இடத்தை குரூப் பாலிசியில் வேறு கோப்புறைக்கு மாற்றினால், அந்தக் கோப்புறையில் ஃபயர்வால் சேவையின் கணக்குக்கு எழுதும் உரிமை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கோப்பு காலியாகவே கிடக்கும், பிழைச்செய்தியும் வராது. ஒரு வரியில் தேதி, நேரம், அனுமதியா தடையா, டிசிபியா யுடிபியா, அனுப்பிய முகவரி, பெற்ற முகவரி, இரண்டு போர்ட்கள் ஆகியவை வரிசையாக வரும்; கடைசியில் அது வெளியே போனதா உள்ளே வந்ததா என்று இருக்கும். எந்த நிரல் என்பது இராது. உள்ளே வந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்து, பெறும் போர்ட் வாரியாக எண்ணுங்கள். 150 கணினிகளின் லாக்கும் பத்துப் பதினைந்து வகைகளுக்குள் அடங்கிவிடும். இது எனக்கு இன்றுவரை வியப்புதான்.

உங்களுடையது போன்ற அலுவலகத்தில் அந்த வகைகள் என்னவாக இருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். முதலில் டேலி. பலர் சேர்ந்து பயன்படுத்தும் டேலியில் தரவு ஒரு கணினியின் பகிர்வுக் கோப்புறையில் இருக்கும். அந்தக் கணினிக்கு மட்டும், கணக்குப் பிரிவு முகவரிகளிலிருந்து 445 வேண்டும். லைசென்ஸ் வழங்கும் கணினிக்கு இயல்பாக 9999 வேண்டும். வேறு மென்பொருள் ஏதாவது டேலியிலிருந்து தரவு எடுக்கிறது என்றால் 9000-ஐயும் பாருங்கள். இவை இயல்பு எண்கள். யாராவது மாற்றியிருக்கக்கூடும், டேலியின் அமைப்புத் திரையிலேயே தெரியும். ஆக, 150 கணினிகளில் ஃபயர்வாலை அணைக்கக் காரணமாக இருந்த சிக்கல், ஒன்றிரண்டு கணினிகளில் இரண்டு மூன்று விதிகளோடு தீர்ந்துவிடக்கூடியது.

டேலியைவிட அதிகத் தொல்லை தரப்போவது ஜெராக்ஸ் இயந்திரம். காகிதத்தை ஸ்கேன் செய்து நேராக ஊழியரின் கணினியில் உள்ள கோப்புறைக்கு அனுப்பும் வசதியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அந்த இயந்திரம் ஊழியர் கணினியின் 445-ஐத் தட்டுகிறது. ஃபயர்வாலை இயக்கிய அன்று முதலில் வரும் புகார் இதுவாகத்தான் இருக்கும். பழைய இயந்திரமாக இருந்தால் எஸ்எம்பியின் முதல் பதிப்பைத்தான் பேசும், அது தனித் தலைவலி. இதற்காக 150 கணினிகளிலும் 445-ஐத் திறக்காதீர்கள். ஸ்கேன்கள் எல்லாம் கோப்பு சர்வரில் ஒரு பொதுக் கோப்புறைக்குப் போகட்டும்; ஊழியர்கள் அங்கிருந்து எடுத்துக்கொள்ளட்டும். இரண்டு நாள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும். விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி பெரும்பாலும் சிக்கல் தராது. கணினிதான் கருவியின் போர்ட்டைத் தேடிப் போகும். பல கருவிகளில் அது 4370. ஆனால் கருவியே தரவைத் தள்ளும்படி அமைத்திருந்தால், பெறும் கணினியில் அந்தக் கருவியின் முகவரிக்கு மட்டும் ஒரு விதி எழுத வேண்டும். எனிடெஸ்க் போன்ற தொலை உதவி நிரல்கள் வெளியே போய் இணைப்பவை. அவற்றுக்கென்று உள்வரும் விதி கேட்பவர்களை நம்பாதீர்கள்.

ஐடி பிரிவுக்கென்று சில வாசல்கள் வேண்டும்: தொலைநிலை பவர்ஷெல்லுக்கு 5985, தேவைப்பட்டால் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு 3389, பிங். இவற்றை உங்கள் நிர்வாகக் கணினியின் ஐபிக்கு மட்டும் திறங்கள். “உள்ளூர் சப்நெட்” (அதே நெட்வொர்க் பகுதியில் உள்ள எல்லாக் கணினிகளும்) என்று ஒரு வசதியான தேர்வு அங்கே இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வரவேற்பறைக் கணினிக்கும் கதவு திறந்துவிடும். செய்த வேலையெல்லாம் வீண்.

இயக்கும்போது முதலில் ஐடி பிரிவு, பிறகு ஒவ்வொரு பிரிவிலும் ஒரு பொறுமைசாலி, பிறகு மற்றவர்கள், கடைசியாகக் கணக்குப் பிரிவு என்று போங்கள். குரூப் பாலிசி கணினிகளில் 90 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். எல்லாம் ஒரே நேரத்தில் மோதாமல் இருக்க அதன் மேல் 30 நிமிடம் வரை கூடுதலாகச் சேரும். நீங்கள் ஒரு விதியைத் தவறாக எழுதித் திருத்தினாலும், திருத்தம் எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆகலாம் என்று பொருள். பொறுக்கக்கூடியதுதான். ஏனென்றால் கணினிதான் டொமைன் கன்ட்ரோலரை (டொமைனை நடத்தும் சர்வரை) தேடிப் போய்ப் பாலிசியை வாங்குகிறது. உள்வரும் வழியை எவ்வளவு தவறாக அடைத்திருந்தாலும் திருத்தம் தானாக வந்து சேரும். வெளியே போவதைத் தவறாக அடைத்துவிட்டீர்கள் என்றால் பாலிசியே வராது. ஒவ்வொரு கணினியாக நடந்துதான் போக வேண்டும். வெளிச்செல்லும் தடையை முதல் ஆண்டில் தொடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

வெளிச்செல்லும் இணைப்புகளைத் தடுப்பது எவ்வளவு பயன் தரும் என்பதில் துறைக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சர்வர்களில் எனக்குத் தயக்கமில்லை: தரவுத்தள சர்வர் இணையத்துக்குப் போக வேண்டிய வேலை என்ன இருக்கிறது? ஊழியர் கணினிகளில் நிலைமை வேறு. தாக்குபவரின் நிரலும் பிரவுசர் போகும் 443 வழியாகவே போகும். அதைத் தடுக்க முடியாது. நிரல் வாரியாகத் தடுக்கலாம் என்றால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். சோம்பேறித் தாக்குதல்களை அது நிறுத்தும், தேர்ந்தவர்களை நிறுத்தாது என்பது என் கருத்து, மறுப்பவர்கள் உண்டு. ஒரே ஒரு வெளிச்செல்லும் தடையை மட்டும் எல்லோருக்கும் பரிந்துரைப்பேன்: வீட்டுக்குப் போகும் லேப்டாப்களில் இணைய முகவரிகளை நோக்கிய 445. 2023 மார்ச்சில் பேட்ச் போடப்பட்ட அவுட்லுக் ஓட்டை ஒன்று, வந்த மின்னஞ்சலைத் திறக்காமலேயே கணினியை வெளியில் உள்ள ஒரு சர்வரின் 445-க்கு இணைய வைத்து, கடவுச்சொல்லின் ஹாஷ் வடிவத்தை (அதிலிருந்து கணக்கிட்ட மறைகுறியை) கசிய விட்டது. அலுவலகத்தில் இருந்தால் வாசல் பெட்டி அதைத் தடுக்கும். வீட்டு வைஃபையில் யார் தடுப்பது?

லேப்டாப் என்றதும் புரொஃபைல்கள் நினைவுக்கு வருகின்றன. விண்டோஸ் ஒவ்வொரு இணைப்பையும் டொமைன், பிரைவேட், பப்ளிக் என்று மூன்றில் ஒன்றாக வகைப்படுத்துகிறது. டொமைன் கன்ட்ரோலரைத் தொட முடிந்தால் டொமைன். இல்லாவிட்டால் மற்ற இரண்டில் ஒன்று. விண்டோஸ் 7 முதல் ஒவ்வொரு நெட்வொர்க் அடாப்டருக்கும் தனித்தனிப் புரொஃபைல். ஆகவே விபிஎன் (இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்குக்கான தனி இணைப்பு) போட்ட லேப்டாப்பில் விபிஎன் பக்கம் டொமைனாகவும் வைஃபை பக்கம் பப்ளிக்காகவும் ஒரே நேரத்தில் இருக்கும். பப்ளிக்கில் உள்வரும் அனுமதி ஒன்றுகூட வேண்டாம். ஆனால் சர்வர்களில் எச்சரிக்கை. மின்வெட்டு முடிந்து எல்லாம் ஒன்றாக எழும்போது, டொமைன் கன்ட்ரோலர் தயாராவதற்கு முன்பே மற்ற சர்வர்கள் எழுந்து, தங்களைப் பப்ளிக் என்று முடிவு செய்துகொண்டு உட்கார்ந்துவிடுவது உண்டு. டொமைன் புரொஃபைலுக்கு மட்டும் நீங்கள் எழுதிய விதிகள் அப்போது செல்லாது. ‘டேலி மறுபடி நின்றுவிட்டது’ என்ற குரல் எழும், ஃபயர்வாலை அணைத்த பழைய கதை திரும்பும். அடாப்டரை ஒருமுறை அணைத்து இயக்கினால் பெரும்பாலும் சரியாகும். அதைவிட நல்லது, இடம் மாறாத சர்வர்களின் விதிகளை மூன்று புரொஃபைல்களுக்கும் எழுதி, யார் வரலாம் என்பதை ஐபி முகவரியால் கட்டுப்படுத்துவது. விண்டோஸ் சர்வர் 2025 வெளியானபோது டொமைன் கன்ட்ரோலர்களே மறுதொடக்கத்துக்குப் பின் தவறான புரொஃபைலில் எழும் பிழை இருந்தது; 2025 ஜூன் மாத அப்டேட்டில் சரிசெய்தார்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகு செய்ய வேண்டியது, கணினியிலேயே எழுதப்படும் உள்ளூர் விதிகளைச் செல்லாதவையாக்குவது. குரூப் பாலிசியில் “உள்ளூர் விதிகளைச் சேர்த்துக்கொள்” என்ற அமைப்பை “இல்லை” என்று மாற்றினால், நீங்கள் அனுப்பும் விதிகள் மட்டுமே செல்லும். ஊழியர் ஒருவர் ஒரு கோப்புறையைப் பகிர்ந்தாலே விண்டோஸ் அதற்கான வாசலைத் தானாகத் திறந்துவிடும். இந்த அமைப்பு அதற்கு முற்றுப்புள்ளி வைக்கும். இதை முதல் நாளே செய்யக் கூடாது. கணினியோடு வரும் அடிப்படை நெட்வொர்க் விதிகளும் உள்ளூர் விதிகள்தாம். அந்தத் தொகுப்பை உங்கள் பாலிசியில் முதலில் சேர்க்காமல் இதைச் செய்தால் டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி வழங்கும் முறை), ஐபிவி6 (புதிய முகவரி முறை) என்று எதிர்பாராத இடங்களில் இடிக்கும். தணிக்கையாளர்களில் சிலர் இதை முதலிலேயே கேட்பார்கள். எழுத்தில் கால அவகாசம் வாங்கிக்கொள்ளுங்கள்.

உபுண்டு சர்வர்கள் இரண்டிலும் அதன் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூ போதும். இயக்குவதற்கு முன் எஸ்எஸ்எச்சை (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியை) அனுமதிக்க வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதோடு, பத்து நிமிடத்தில் ஃபயர்வாலை அணைத்துவிடும்படி ஒரு வேலையைக் கால அட்டவணையில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்த வேலையை நீக்கிவிடலாம். இல்லாவிட்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும், சர்வர் அறைக்கு ஓட வேண்டாம். அவற்றில் டாக்கர் (நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. ஓடினால், டாக்கர் வெளியிடும் போர்ட்களை யுஎஃப்டபிள்யூ தடுக்காது. டாக்கர் தன் விதிகளை நேரடியாக எழுதுகிறது; அந்தப் பாக்கெட்கள் யுஎஃப்டபிள்யூ காவல் காக்கும் உள்வரும் சங்கிலியைத் தொடாமலேயே கன்டெய்னருக்குள் போய்விடும். நிலைத்திரையில் “தடை” என்று காட்டும், வெளியிலிருந்து பார்த்தால் போர்ட் திறந்திருக்கும். போர்ட்டை 127.0.0.1 (அதே கணினியைக் குறிக்கும்) முகவரியில் மட்டும் வெளியிடுவது எளிய தீர்வு. வெளியே தெரிய வேண்டியவற்றுக்கு டாக்கர்-யூசர் என்ற சங்கிலியில் விதி எழுதுங்கள். எப்படியானாலும் வேறொரு கணினியிலிருந்து என்மேப் (திறந்த போர்ட்களைத் தேடும் கருவி) ஓட்டிப் பார்க்காமல் நம்பாதீர்கள்.

அப்டேட் எப்போது என்று கேட்டீர்கள். விண்டோஸ் ஃபயர்வால் இயங்குதளத்தின் பகுதி. அதன் மென்பொருள் மாதாந்திர விண்டோஸ் அப்டேட்டோடு வந்துவிடும், தனியே செய்ய ஒன்றுமில்லை. வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்போல நாள்தோறும் வரும் கையொப்பக் கோப்பு எதுவும் இதற்கு இல்லை. உங்கள் வைரஸ் எதிர்ப்புத் தொகுப்பு தன் சொந்த ஃபயர்வாலை இயக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அப்படியிருந்தால் விண்டோஸ் ஃபயர்வால் ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் குரூப் பாலிசியில் எழுதியதெல்லாம் யாருக்கும் பயன்படாது. இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எது என்பது உங்கள் விருப்பம். நான் விண்டோஸுடையதையே வைத்துக்கொள்வேன், லைசென்ஸ் முடிந்த அன்று காணாமல் போகாது என்பதற்காக.

உண்மையில் பழசாகிப்போவது விதிகள். ஒரு சர்வரை எடுத்துவிடுவார்கள், அதன் ஐபி முகவரி ஆறு மாதம் கழித்து வேறொரு கணினிக்குப் போகும். பழைய விதி அந்தப் புதியவருக்குக் கதவைத் திறந்துவைத்திருக்கும். நிரலின் பாதையை வைத்து எழுதிய விதி, நிரல் அடுத்த பதிப்பில் வேறு கோப்புறைக்குப் போனதும் செத்துப்போகும். பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவப்படும் நிரல்கள் இன்னும் மோசம். அந்தப் பாதையைப் பொதுவாகக் குறிக்கும் மாறியை விதியில் எழுதினால், ஃபயர்வால் சேவை அதைப் பயனரின் பாதையாகப் படிக்காமல் தன் கணக்கின் பாதையாகப் படிக்கும். விதி யாருக்கும் பொருந்தாது. ஆகவே ஒவ்வொரு விதியின் விளக்கப் பெட்டியிலும் யார் கேட்டது, எதற்கு, எந்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். அந்தப் பெட்டி எல்லா நிறுவனங்களிலும் காலியாகத்தான் கிடக்கிறது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது என்பதற்கு ஒரே சரியான எண் கிடையாது. அட்டைப் பணப் பரிவர்த்தனைக்கான பிசிஐ விதிமுறை, நெட்வொர்க் கட்டுப்பாடுகளின் விதித்தொகுப்பை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கச் சொல்கிறது. அது உங்களுக்குக் கட்டாயமாக இராது, ஆனாலும் நல்ல அளவுகோல். அதற்கிடையில் ஒரு சர்வர் வந்தாலும் போனாலும் அன்றே பாருங்கள்.

லாக் விஷயத்தில் சட்டமும் வருகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட ஆணை, நிறுவனங்கள் தங்கள் தகவல் தொழில்நுட்ப அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 32 எம்பி கோப்பு 180 நாளுக்கு வராது. மைய சேமிப்புக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும். ஊழியர் கணினிகளின் லாக் ஒவ்வொரு வரியும் இதில் அடங்குமா என்பது பொருள்கொள்ளும் விதத்தைப் பொறுத்தது. தணிக்கையாளரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். நானாக இருந்தால் சர்வர்களில் அனைத்தையும், ஊழியர் கணினிகளில் தடைபட்டவற்றை மட்டும் வைப்பேன். தடைபட்டவற்றின் பட்டியல் நல்ல எச்சரிக்கை மணியும்கூட: வரவேற்பறைக் கணினி ஐந்து நிமிடத்தில் நாற்பது கணினிகளின் 445-ஐத் தட்டியது என்றால், அங்கே என்ன நடக்கிறது என்று உடனே போய்ப் பாருங்கள். அந்த நேரத்தில் உதவக்கூடிய ஒரு தேர்வும் ஒவ்வொரு புரொஃபைலிலும் இருக்கிறது: அனுமதித்த நிரல்கள் உட்பட, உள்ளே வரும் எல்லாவற்றையும் தடுப்பது. அதற்கென்று தனிப் பாலிசி ஒன்றை எழுதி, எங்கும் இணைக்காமல் தயாராக வைத்திருங்கள்.

இவ்வளவும் செய்தாலும் தடுக்க முடியாதவை உண்டு. கணினியில் நிர்வாகி உரிமை பெற்றுவிட்டவர் ஃபயர்வாலையும் வளைத்துவிடுவார். குரூப் பாலிசியில் “இயக்கு” என்றிருந்தால் சாதாரணக் கட்டளையால் அணைக்க முடியாது, ஆனால் அது தாமதப்படுத்தும், அவ்வளவுதான். டொமைன் நிர்வாகியின் கடவுச்சொல் போய்விட்டால் பாலிசியே அவர் கையில். ஊழியர்களுக்குக் கணினியில் நிர்வாகி உரிமை கொடுத்துவைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை; கொடுத்திருந்தால், ஃபயர்வாலுக்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். இன்னொன்று: எந்தச் சூழ்நிலையிலும் ஃபயர்வால் சேவையையே நிறுத்தாதீர்கள். மைக்ரோசாஃப்ட் அதை ஆதரிப்பதில்லை. ஸ்டார்ட் மெனு முதல் செயலி நிறுவல் வரை தொடர்பே இல்லாத இடங்களில் உடையும். உங்களுக்கு முன்பு இருந்தவர் புரொஃபைலை அணைத்தாரா, சேவையை முடக்கினாரா என்று முதலில் பாருங்கள். சேவையை முடக்கியிருந்தால், அதை மறுபடி இயக்கிவிட்டுத்தான் மற்ற எதையும் தொடங்க முடியும்.

தணிக்கையாளருக்குச் சான்று காட்டும்போது குரூப் பாலிசித் திரையின் படத்தை அனுப்பாதீர்கள். அது நீங்கள் விரும்பியதைத்தான் காட்டும். கணினியில் அந்த நேரத்தில் உண்மையில் நடப்பில் இருக்கும் விதிகளை, பவர்ஷெல்லில் செயல்நிலைத் தொகுப்பைக் கேட்டு எடுக்கலாம். பத்துக் கணினிகளிலிருந்து எடுத்து அனுப்புங்கள். டேலி லைசென்ஸ் எந்தக் கணினியில் இருக்கிறது, தரவு அதே கணினியிலா வேறொன்றிலா, உபுண்டுவில் டாக்கர் இருக்கிறதா என்ற மூன்றையும் இங்கே எழுதினால், அந்த நான்கு சர்வர்களுக்கும் வேண்டிய விதிகளை வரிவரியாகச் சொல்ல முடியும். ஐபி முகவரிகளை மறைத்துவிட்டு எழுதுங்கள்.